வெறும் பெட்ரோல்

ஹலோ... சுகுமாறன் அண்ணே, ஜுஹைர் பேசுறேன், மேரு வொர்க்‌ஷாப்புலேர்ந்து... ஆமா, ஆமா, உங்ககிட்ட வாங்குன அந்த நாலு சக்கர குவாட் பைக் விஷயமாத்தான்.

...இல்லண்ணே, ஸ்டார்ட் ஆகல. கிக் அடிச்சா காலுக்கு வெயிட்டே தெரியல. கம்ப்ரெஷன் பார்த்தேன், அறுபதுதான் காட்டுது. நூத்தி இருபதாச்சும் வேணும்ல... ஆமா, ஆமா, டூ-ஸ்ட்ரோக்தான, ரிங் தேஞ்சிருக்கும்னுதான் நானும் நெனச்சேன். காலையில ஹெட்ட கழட்டி சிலிண்டர தூக்கிட்டேன்...

...இல்ல, ரிங் மட்டும் இல்ல. அண்ணே, எங்க இருக்கீங்க? ...பிரிக்பீல்ட்ஸ் வீட்டுலயா. கொஞ்சம் உக்காந்துக்குங்க... காசு விஷயம் இல்ல லா. கேளுங்க.

பிஸ்டன் சுத்திலும் உரசி, ரிங்கு அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு. கீழ பேரிங் நீலமா கருகியிருக்கு. உள்ள ஆயில் பிசுக்கே இல்ல... ஆமா. ஓடும்போதே ஜாம் ஆயிருக்கு... நீங்களும் வாணி அக்காவும் அதோட கவுந்த அன்னிக்குத்தான். அதுக்கப்புறம் நீங்க அத தொடவே இல்லையே.

...இல்லண்ணே, ஸ்பீடுனால கவுந்தது இல்ல. எஞ்சின் ஜாம் ஆனதும் பின் சக்கரம் லாக் ஆயிருச்சு. யார் ஓட்டியிருந்தாலும் தூக்கிப் போட்டிருக்கும்.

...பெட்ரோலா. அதத்தான் சொல்ல வரேன். அன்னிக்கு நாம போன செம்பனைத் தோட்டத்துல டேங்க்ல ஊத்துனது நான். ரெண்டு கேன் இருந்துச்சு. ஒண்ணு இந்த எஞ்சினுக்குன்னு டூ-டி ஆயில் கலந்த பெட்ரோல். இன்னொண்ணு ஜெனரேட்டருக்கு வெச்சிருந்த வெறும் பெட்ரோல். அத ஊத்திட்டேன் போல... போல இல்ல. ஊத்திட்டேன். சாயந்தரம் கேன வண்டியில ஏத்துறப்ப, ஆயில் கலந்த கேன் நெறைஞ்சே இருந்துச்சு. ஒரு சந்தேகம் வந்துச்சு. உள்ளயே போட்டு அமுக்கிட்டேன்.

...ஆமாண்ணே, நான்தான்.

...ம். ...ம், ஏசுங்க. ...எட்டு மாசமா சொல்லல, ஆமா. ...தெரியும்ணே. வாணி அக்கா உங்க கூட கார்லகூட ஏற மாட்டேங்குறாங்கன்னு எனக்கும் தெரியும்.

...அக்காகிட்டயா? இப்பவா? நீங்களே சொல்லிடுங்களேன்... சரி. சரிண்ணே. நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. குடுங்க.

...அக்கா, ஜுஹைர். ...நல்லாருக்கேன்... இல்லக்கா, நல்லா இல்ல. கை எப்படி இருக்கு? ...இன்னும் மடக்க முடியலையா.

அக்கா, அன்னிக்கு அண்ணன் மேல தப்பு இல்ல. அவரு ஒழுங்காத்தான் ஓட்டுனாரு. பெட்ரோல்ல ஆயில் இல்லாம எஞ்சின் ஜாம் ஆயித்தான் கவுந்துச்சு. அத ஊத்துனது நான்.

...ஆமா. ...ஆமாக்கா, ஆஸ்பத்திரியில நீங்க அவர ஏசுனப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்.

...பயம்தான். வேற ஒண்ணும் இல்ல. ...மறைச்சிருக்கலாம்க்கா. புது பிஸ்டன் போட்டு மூடியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. முடியல.

...ம்.

...அக்கா? ...அண்ணன்கிட்டயா பேசுறீங்க? ...அக்கா, போன் இன்னும் ஆன்லதான் இருக்கு, எனக்கு எல்லாம் கேக்குது... அக்கா...

சரி. நான் வெச்சிடுறேன்.