மூணு கிளினிக்குக்கு ஒரே சாப்ட்வேர்

இல்லண்ணே, உங்க மேல கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. மொதல்ல உக்காருங்க. அந்த ஜாம்ல காடி ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க, உங்க சாப்ட்வேர் வேணாம்னு ஒரே மெசேஜ்ல சொல்லிட்டேனேன்னு. நியாயந்தான். எத்தன தடவ வந்து சொல்லிக் குடுத்தீங்க, கவுன்டர் பிள்ளைங்களுக்குச் சாப்பிடக் கறிபாப்கூட வாங்கிட்டு வந்தீங்க. நான் சிரிக்கிறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, ரெண்டு நாளா இப்படித்தான் இருக்கேன். காலையில ஒரு அங்கிள்கிட்ட, உங்க கடவாப் பல்ல புடுங்கணும்னு சொல்லிக்கிட்டே சிரிச்சிட்டேன். மொறைச்சிட்டுப் போனாரு.

கோப்பி குடிக்கிறீங்களா? சீனி கொறைச்சலாவா, சரி.

வெலையா? வெலை இல்லண்ணே. உங்களுதுதான் மலிவு லா. எங்க பெரிய டாக்டர் கிருஷ்ணகுமாரி என்ன சொன்னாங்க தெரியுமா? இங்க பெர்மாஸ் ஜெயாவுல ஒண்ணு, குளுவாங்ல ஒண்ணு, இப்ப செனாய்ல மூணாவது தொறக்கறோம், இன்னும் நாலு கிளினிக் வந்தாலும் தாங்கற மாதிரி வேணும், லோஷினி, நீயே பாத்து முடிவு பண்ணுன்னு என் தலையில கட்டிட்டாங்க. நான் கவுன்டர்ல ஆரம்பிச்சு மேனேஜர் ஆனவ. தப்பா எடுத்துட்டா மூணு கிளினிக்கும் சேந்து என்னைத்தான் திட்டும்.

இத்தன நாளு எப்படி ஓட்டினோம்னா, போன்லதான். குளுவாங்ல எக்ஸ்ரே எடுத்துட்டு இங்க வருவாங்க, படம் இங்க இருக்காது. நான் டாக்டர் சிறீகாந்தனுக்குப் போன் போடுவேன், அவருதான் குளுவாங் கிளினிக்கப் பாத்துக்கிறாரு. கீழ் வரிச, வலது பக்கம், கடைசிக்கு முந்தினதுன்னு பொறுமையா சொல்லுவாரு. அப்புறம் சாப்டீங்களான்னு கேப்பாரு. நல்ல சாப்ட்வேர் வந்துட்டா படம் தானா வந்துரும், அவருக்குப் போன் போட வேலையே இருக்காது. அத நெனச்சாதான் எனக்கு... சரி விடுங்க.

உங்களுதுக்கே வருவோம். குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அத நெரப்பலன்னா அடுத்த பக்கம் போகாது. நம்மாளுங்களுக்கு ஏதுண்ணே குடும்பப் பேரு? ஐசி கார்டுல சொந்தப் பேரு, நடுவுல இன்னாரு மகன்னு ஒரு ஏ எல், அப்புறம் அப்பா பேரு, அவ்வளவுதான். எங்க கவுன்டர் பிள்ளை பிரவீனா என்ன பண்ணிட்டா, கட்டம் காலியா இருக்கேன்னு அந்த ஏ எல்லையே எல்லாருக்கும் போட்டுட்டா. உங்க சாப்ட்வேர் அத நம்பி, இங்க வர்ற அத்தன தமிழ் ஆம்பளைங்களையும் ஒரே குடும்பமாக்கிருச்சு. ஐயாசாமி அங்கிளோட பல்செட்டு ரெடி, வந்து வாங்கிக்கோங்கன்னு குடும்பத்துக்கே மெசேஜ் போயிருச்சு. சனிக்கெழம கவுன்டர்ல ஒரே கூட்டம். பல்லெல்லாம் நல்லா இருக்கிற மனுசன் ஒருத்தரு, ஓசின்னா எனக்கும் ஒண்ணு குடுங்கன்னு நிக்கிறாரு.

தெரியும்ணே, அது எங்க தப்புதான். அந்தக் கட்டத்தையே எடுத்துத் தர்றேன்னு நீங்களும் சொன்னீங்க. ஆனா பெரிய டாக்டர் பயந்துட்டாங்க. இனிமே சோதிச்சுப் பாக்கிறதுக்கு நெஜ பேஷண்ட் பேரப் போடக்கூடாதுன்னுட்டாங்க.

அப்பத்தான் இந்த இன்னொரு கம்பெனி ட்ரையலுக்குக் குடுத்தாங்க. இதுல யாரு புருஷன், யாரு பொண்டாட்டி, யாரு பிள்ளைன்னு நாமளே சேக்கணும். சேத்துப் பாக்க ஒரு குடும்பம் வேணுமே. முந்தாநாள் மத்தியானம், கவுன்டர்ல யாரும் இல்ல. பொண்டாட்டிக்கு என் பேரப் போட்டேன். புருஷனுக்கு யாரப் போடறது, நீங்களே சொல்லுங்க. கை பாட்டுக்கு சிறீகாந்தன்னு அடிச்சிருச்சு. பாக்க நல்லா இருந்துச்சுண்ணே. ரெண்டு பிள்ளைங்களையும் சேத்தேன். மூத்தவளுக்குப் பல்லு தூக்கலா இருக்கு, கிளிப் போடணும்னுகூட எழுதினேன். அழிச்சிரலாம்னுதான் இருந்தேன். பசி வந்துருச்சு, நாசி லெமாக் வாங்கப் போயிட்டேன்.

உங்களுதுல இங்க போட்டது மத்த கிளினிக்குக்கு ராத்திரிதான் போகும். இதுல போட்ட ஒடனே போயிருது. அது எனக்கு அப்ப ஞாபகத்துல இல்ல. திரும்பி வந்து பாக்கறேன், சின்னவனுக்குப் பால்பல்லு ஆடுதுன்னு கீழ ஒரு வரி ஏறியிருக்கு. யாரு எழுதினாங்கன்னு பக்கத்துலயே காட்டுது. குளுவாங், டாக்டர் சிறீகாந்தன். அலமாக்.

வேல போச்சுன்னு நெனச்சேன். வேலகூடப் பரவால்ல, இனிமே என் போன எடுப்பாரான்னுதான் பயம். வருஷக்கணக்கா மனசுக்குள்ளயே வச்சிருந்தேன். அவங்க சிலோன் தமிழர் வீடு, அப்பா, தாத்தா எல்லாம் கவர்மெண்டு உத்தியோகம். எங்கப்பா எஸ்டேட்ல லோரி ஓட்டினவரு. நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு சொல்றது?

அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல போனே வரல. நானும் போடல. சாயந்திரம் மூடப் போறப்ப பாத்தா, ஞாயித்துக்கெழமைக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் ஏறியிருக்கு. ஞாயித்துக்கெழம நாங்க தொறக்கறதே இல்ல. பேஷண்ட் பேரு தவமணிதேவி. அவரோட அம்மாண்ணே. என்ன ட்ரீட்மென்ட்ங்கிற எடத்துல பொண்ணு பாக்கன்னு ஒண்ணு இல்ல பாருங்க, அதனால பர்ஸ்ட் கன்சல்டேஷன்னு போட்டிருக்காரு. கீழ, பொண்ணு வீட்டு அட்ரெஸ் தேவைன்னு எழுதியிருக்காரு.

போட்டுட்டேன், போட்டுட்டேன். அவசரத்துல அட்ரெஸ்ல போஸ்கோடு தப்பா அடிச்சு, மறுபடி திருத்தினேன்.

தேங்க்ஸ்ணே. நீங்க நல்லவரு, அதான் மறைக்காம சொல்றேன். உங்க சாப்ட்வேர்ல ஒரு கொறையும் இல்ல. பெரிய டாக்டர்கிட்ட நான் சொன்ன காரணமெல்லாமும் உண்மதான். ஆனா அந்த இன்னொரு கம்பெனி ட்ரையல் நேத்தோட முடிஞ்சிருச்சு. வாங்கலன்னா உள்ள போட்டதெல்லாம் அழிஞ்சிரும்னு சொன்னாங்க. ரெண்டு பிள்ளைங்கண்ணே. எப்படி அழிய விடறது?