இருபத்துநான்கு கிலோ குறைவு

போன் அலறியபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். வாயில் நுரையோடு பேசுவது மரியாதையில்லை என்பதால் கொப்பளித்து, முகம் துடைத்து, துண்டை மடித்துக் கொடியில் போட்ட பிறகுதான் எடுத்தேன். அதற்குள் பதினேழு முறை அடித்துவிட்டது. எண்ணுவது என் பழக்கம், ஐயா. நகரசபையின் மறுசுழற்சிப் பிரிவில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். மற்றவர்கள் குப்பையைக் கண்டால் மூக்கைப் பிடிப்பார்கள். நான் எடை போடுவேன். 'கிராம்' என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேராகவே 'கிராம் சார்' என்றார்கள். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி உயர்வு அந்த 'சார்'தான்.

போனில் சாலைப் பிரிவு மேஸ்திரி பேசினார்.

"சார், தார் அண்ணன் வடிகால் குழியில விழுந்துட்டாரு. தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு. அக்காவைக் கூட்டிட்டு வாங்க."

அக்கா என்பது என் மனைவி. தார் என்பது அவள் தம்பி, சாலைப் பிரிவின் மேற்பார்வையாளன். அவன் சட்டை, செருப்பு, நகக்கண் எல்லாவற்றிலும் தார் ஒட்டியிருக்கும், பெயரிலும் ஒட்டிக்கொண்டது. எந்தக் குழி என்று நான் மேஸ்திரியிடம் கேட்கவில்லை. 'துக்கத்துல சாருக்கு வாயடைச்சுப் போச்சு' என்று அவர் உங்களிடம் சொன்னாராம். நல்ல மனிதர்.

முதலிலிருந்து சொல்கிறேன். எழுதிக்கொள்ள உங்களுக்கும் வசதி.

எங்கள் நகரசபையில் சாலைக்கும் மறுசுழற்சிக்கும் சேர்த்து ஒரே லாரி, ஆறே ஆட்கள். தினமும் காலையில் எந்தப் பிரிவின் வேலைத்தாள் டிரைவர் இருக்கையில் முதலில் விழுகிறதோ, அந்தப் பிரிவுக்கு அன்றைக்கு லாரியும் ஆட்களும். இப்படி ஒரு நிர்வாக முறையை உலகத்தில் வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்களா தெரியவில்லை. நான் ஐந்தரைக்கே போய்த் தாளை வைத்துவிடுவேன். மச்சான் ஏழு மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டே வருவான்.

"இன்னைக்கும் உங்களுக்குத்தானா அத்தான்? சரி விடுங்க, நான் கைவண்டியில தள்ளிக்கிறேன்" என்பான். கோபமே வராது அவனுக்கு. கோபப்படாதவனிடம் போட்டி போடுவது எவ்வளவு களைப்பான வேலை என்று உங்களுக்குத் தெரியாது.

லாரியைத் தினமும் பிடித்தும் என் பிரிவு மூன்று மாதமாக இலக்கைத் தொடவில்லை. அதற்குச் சபையின் தீர்மானங்களும் காரணம். வீட்டுக்கு மூன்று நிறத் தொட்டி என்று முடிவு செய்தார்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் எந்த நிறத் தொட்டிக்குப் போகும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இரண்டு மணி நேரம் விவாதித்து, துணைக்குழுவுக்கு அனுப்பினார்கள். துணைக்குழு இன்னும் ஆராய்கிறது. என் வீட்டுப் பழைய பிரஷ்களை நான் எறியாமல் வைத்திருக்கிறேன், முடிவு வரட்டும் என்று.

மச்சானோ கைவண்டியை வைத்துக்கொண்டே நகரத்தின் பள்ளங்களையெல்லாம் அடைத்துவிட்டான். அவனுக்குப் பதிவேடு கிடையாது. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வான். கை கழுவினால் கணக்கும் போச்சு. ஆனால் சாலை மட்டும் சரியாக இருந்தது. அது எனக்குப் பிடிபடவே இல்லை.

போன மாதம் சபைத் தலைவி அம்மா பொறுமை இழந்தார். இரண்டு பிரிவையும் ஒன்றாக்குவது என்று தீர்மானம் வந்தது. மாதக் கடைசிக்குள் மறுசுழற்சி இலக்கை எட்டினால் நான் தலைமை. எட்டாவிட்டால் மச்சான் தலைமை, நான் அவனுக்குக் கீழே.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, தாழ்வாரத்தில் ஆறு பேர் பார்க்க அவன் என் தோளில் கை போட்டான்.

"எதுக்கு அத்தான் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க? நாற்காலி உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். ரோடு போதும் எனக்கு."

என் சட்டையில் தார்க் கறை. வெள்ளைச் சட்டை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தானமாக வரும் நாற்காலியில் உட்காரும் ஆள் நான் இல்லை. எனக்கென்று ஒரு நேர்மை இருந்தது, ஐயா. நீங்கள் சிரிக்கலாம். நானே இப்போது சிரித்துக்கொள்கிறேன்.

வீட்டில் மனைவி, "அவனுக்குக் கீழ வேலை பார்த்தா என்ன குறைஞ்சுடும்? அவன் என்ன ஊரான் வீட்டுப் பிள்ளையா?" என்றாள். டீ டம்ளரை டொக்கென்று மேசையில் வைத்தாள். அவள் எதையும் மெதுவாக வைத்ததில்லை.

மாதம் முடிய ஒரு நாள் இருக்கையில் கணக்குப் பார்த்தேன். முந்நூற்று அறுபது கிலோ குறைந்தது. பாட்டிலும் அட்டையும் பொறுக்கி ஒரே நாளில் அதைத் தேற்ற முடியாது. இரும்பு வேண்டும்.

அப்போதுதான் பழைய தீர்மானம் ஒன்று நினைவுக்கு வந்தது. சந்தைப் பின்தெருவில் மழைநீர் வடிகாலின் எட்டு இரும்பு மூடிகளை எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். இது முதல் வாக்கியம். புதிய சிமென்ட் மூடிகள் வந்த பிறகே எடுக்க வேண்டும். இது இரண்டாவது வாக்கியம். நான் முதல் வாக்கியத்தை நிறைவேற்றினேன். எங்கள் சபையில் தீர்மானங்களைப் பாதி நிறைவேற்றியவர்களுக்குப் பொன்னாடையே போர்த்தியிருக்கிறார்கள்.

அன்று காலையிலேயே ஆட்களோடு போய் எட்டு மூடிகளையும் கழற்றினேன். கண்மூடித்தனமாக விட்டுவிட்டு வரவில்லை. கிடங்கிலிருந்து எட்டு மரத் தடுப்புகள் வாங்கி, ஒவ்வொரு குழிக்கும் ஒன்றாக நானே நிறுத்தினேன். ஒரு மூடி நாற்பத்திரண்டு கிலோ. எட்டுக்கு முந்நூற்று முப்பத்தாறு. எடைமேடையில் நின்று மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன். இருபத்துநான்கு கிலோ குறைவு.

ஆட்களை இறக்கிவிட்டு, டிரைவரை மட்டும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனேன். பின்தெரு முடிந்து திரும்பும் மூலையில், தையல்கடை எதிரில், அதே மாதிரி இன்னொரு மூடி இருந்தது. அது அடுத்த தெருக் கணக்கு. தீர்மானத்தில் இல்லை.

"இதுவுமா சார்?" என்றான் டிரைவர்.

"இதுவும்தான்."

"தடுப்பு?"

அதுதான் சிக்கல். கிடங்கில் எட்டுக்கு மேல் தரமாட்டார்கள். ஒன்பது கேட்டால் ஒன்பதாவது எதற்கு என்று கேட்பார்கள். லாரியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி கிடந்தது. அதைப் பிரித்து, குழியின் மேல் விரித்து, நான்கு ஓரத்திலும் செங்கல் வைத்தேன். வெறும் குழி என்றால் பார்க்கிறவன் ஒதுங்கிப் போவான். அட்டை விரித்த குழியை என்னவென்று சொல்வது? நான் அப்போது அதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்லிக்கொண்டேன். பழைய அட்டைக்கு ஒரு மறுவாழ்வு கிடைத்ததே என்ற திருப்தியும் கொஞ்சம் இருந்தது.

ஒன்பதாவது மூடியை 'பல்வகை இரும்பு' என்று பதிவேட்டில் ஏற்றினேன். இலக்குக்கு மேல் பதினெட்டு கிலோ. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு ருசியாக இருந்தது.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. நான்கு மணிக்குத் தையல்கடை அம்மா போன் செய்தார்.

"சார், தெருவெல்லாம் முழங்கால் தண்ணி. உங்க கட்டையெல்லாம் மிதந்து போகுது. எந்த இடத்துல குழி இருக்குன்னே தெரியலை. எங்க கடை மூலையில வேற அட்டையைப் போட்டு வச்சிருக்காங்க, அதுவும் முழுகிடுச்சு. நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு வர்றவங்களை அந்தப் பக்கமா அனுப்பிட்டிருக்கேன். கடை மூடினப்புறம் யார் உட்காருவா?"

பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். வடிகால் புகார் சாலைப் பிரிவைச் சேர்ந்தது. 'சந்தைப் பின்தெரு, தடுப்புகள் மிதக்கின்றன' என்று எழுதி முறைப்படி மச்சானின் மேசைக்கு அனுப்பினேன். மூலையைப் பற்றி எழுதவில்லை. தாளில் இடம் இருந்தது.

ஆறு மணிக்கு மச்சான் எனக்குப் போன் செய்தான். ஏதோ கேட்டான், சொன்னேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும், சந்தைக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால் அவன் கிளம்பியிருக்கிறான். மேஸ்திரி ஒருவர்தான் துணை. மற்றவர்கள் என் மாதக் கடைசி ஏற்றுமதிக்கு லாரியோடு போயிருந்தார்கள்; முந்தின நாளே தாளை வைத்துவிட்டேன். தண்ணீரில் நின்றுகொண்டு, கையில் மூங்கில் கம்போடு ஒவ்வொரு குழியாகத் துழாவி, கொடி கட்டிய கழியை நட்டுக்கொண்டே போயிருக்கிறான். மேஸ்திரி சொன்னார்: எட்டாவது கழியை நட்டதும், 'முடிஞ்சுது அண்ணே, டீ குடிக்கலாம் வாங்க' என்று சொல்லிவிட்டு, கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு வேகமாக நடந்தானாம். மூலை வரைக்கும்.

வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில் கிடைத்தான். என் மனைவி அவன் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். தண்ணீரில் எல்லாம் அழிந்திருந்தது.

இலக்கை எட்டிவிட்டேன் அல்லவா, எட்டாம் நாள் பதவி ஆணை வந்தது. ஆணையோடு ஓர் இரங்கல் தாளும் சேர்த்துப் பின் செய்திருந்தார்கள். தலைமை நாற்காலி சுழலும் வகை. ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். கிறீச்சிட்டது. நானே எண்ணெய் விட்டேன்.

பிறகு நீங்கள் டிரைவரைப் பிடித்தீர்கள். மூலை மூடியைத் திருடி விற்றுவிட்டான் என்று. 'கிராம் சார் சொல்லித்தான் எடுத்தேன்' என்று அவன் தலையில் அடித்துக்கொண்டானாம். உங்கள் ஆட்கள் சிரித்தார்களாம். என்னிடமும் வந்து கேட்டார்கள். பதிவேட்டைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். எட்டு என்று இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் உள்ளே போய் இன்றோடு பதினொரு நாள்.

மனசாட்சி உறுத்தியதால் வந்தான் என்று எழுதிவிடாதீர்கள், பெரிய வார்த்தை அது. முந்தாநாள் என் மனைவி கேட்டாள்: "அன்னைக்குச் சாயங்காலம் தம்பி உங்களுக்குப் போன் பண்ணானே, என்ன கேட்டான்?" வழக்கமான ஆபீஸ் விஷயம் என்றேன். மறுபடி அவள் கேட்கவில்லை. ஆனால் அதிலிருந்து டீ டம்ளரைச் சத்தமில்லாமல் வைக்கிறாள். மூன்று வேளை பார்த்தேன். நான்காவது வேளை அந்த வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. நேராக இங்கே வந்தேன்.

நான் அவனைக் கொல்ல நினைக்கவில்லை. அவன் மேல் எனக்கு வெறுப்பும் இல்லை. ஒரு எண்ணைத் தவறாகச் சொன்னேன், அவ்வளவுதான். அதுவும் ஞாபகப் பிசகு இல்லை. போன் வந்தபோது பதிவேடு என் முன்னால்தான் திறந்திருந்தது. உண்மையைச் சொன்னால் பல்வகை இரும்பு என்னவென்று அவனுக்குத் தெரிந்துவிடும். அந்த நாற்பத்திரண்டு கிலோவைக் கழித்துவிடுவார்கள். அவனே சிரித்துக்கொண்டு, 'பரவாயில்லை அத்தான், நான் யார்கிட்டயும் சொல்லலை' என்றும் சொல்லியிருப்பான். அதைத்தான் என்னால் தாங்கியிருக்க முடியாது.

அவன் கேட்டது இதுதான், ஐயா. வார்த்தை பிசகாமல் சொல்கிறேன்.

"அத்தான், தையல்கடை அக்கா மூலையிலயும் ஒரு குழி இருக்குன்னு சொல்றாங்க. மூடி எட்டு எடுத்தீங்களா, ஒன்பதா? விடிஞ்சதும் தண்ணிக்குள்ள இறங்கணும், சரியாச் சொல்லுங்க."

"எட்டு" என்றேன்.

"அப்ப அந்த அக்காதான் ஏதோ குழப்பிக்கிட்டாங்க. நீங்க எட்டுன்னா எட்டுதான் அத்தான், நான் போய் வேற எண்ணிப் பார்க்கணுமா என்ன?"