மின்னலுக்குப் பின்னால் ஒரு வாத்து

— நிறுத்து மாப்ளே. அங்கேயே நிறுத்து.

— கோல் போடப்போற நேரத்துலயா நிறுத்தச் சொல்றே?

— கோலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு. கொஞ்சம் பின்னாடி போ. இவன் காலை விட்டுப் பந்து போச்சு பாரு, அந்த இடம்.

— இந்த ரிமோட் வேற. அமுக்கினா ஒரேடியா ஓடுது, இல்லேன்னா செத்துக் கிடக்குது. ம், இந்தா. இங்கேதானே?

— இங்கேதான். இப்போ ஓடவிடு. ஆனா மின்னலைப் பார்க்காதே.

— மின்னலை வாங்கலாமா வேண்டாமான்னு பார்க்கத்தானே மச்சான் ரெண்டு பேரும் இந்த ரூம்ல வெந்துக்கிட்டு இருக்கோம். அவனைப் பார்க்காம செவுத்துல ஏறுற ஈரத்தையா பார்க்கறது?

— அவனுக்குப் பின்னாடி ஆடறவனைப் பாரு. ரைட் பேக். குட்டையா, காலை அகட்டி அகட்டி ஓடறான் பாரு.

— அந்த வாத்தா?

— வாத்துதான். இப்போ பந்து போச்சு. உன் மின்னல் என்ன பண்றான்? இடுப்புல கையை வெச்சுக்கிட்டு ரெஃபரிகிட்ட நியாயம் கேட்கறான். வாத்தைப் பாரு. மின்னல் விட்டுட்டு வந்த ஓட்டையை அடைக்கறான், தன் இடத்துக்கும் திரும்ப ஓடறான், விழறான், எழுந்து பந்தைப் புடுங்கறான். புடுங்கி யார்கிட்ட குடுக்கறான்?

— மின்னல்கிட்ட.

— இடுப்புல இருந்து கையை எடுக்க அவனுக்கு நேரம் குடுத்து, அப்புறம் குடுக்கறான். அதுக்கப்புறம்தான் உன் கோல். கூட்டம் கத்துது, பேப்பர்காரன் மின்னல்னு பேரு வெக்கறான். வாத்துக்குப் பேரு வெச்சது நீதான், இப்போ, இந்த ரூம்ல.

— சரி, கோல் விழுந்துதா இல்லையா? நமக்கு இந்த வருஷம் கோலே விழலை. எதிராளி கோல் பக்கம் போனா நம்ம பசங்களுக்குக் காய்ச்சல் வருது. கோல் போடறவன் வேணும். புரியுதா இல்லையா?

— புரியாம என்ன. நம்ம ஆட்டம் என்னன்னு நீ சொல்லு.

— என்னையா கேட்கறே? நான் உண்டாக்கின ஆட்டம் அது. பந்து போன நொடியே பதினோரு பேரும் துரத்தணும். எதிராளிக்கு மூச்சு விட நேரம் குடுக்கக்கூடாது.

— பதினோரு பேரும் நாயாப் பேயா ஓடணும். அதுல ஒருத்தன் நின்னான்னா?

— மச்சான், ஓடச் சொன்னா ஓடுவான்.

— தாடி மீசை முளைச்சு, கல்யாணம் பண்ணி, புள்ளை பெத்தவன் அவன். இனிமே அவனுக்கு நீ ஓடக் கத்துக்குடுக்கப் போறியா? ஒரு தையல் பிரிஞ்சா சட்டை முழுக்கப் பிரியும் மாப்ளே. நம்ம ஆட்டம் அப்படிப்பட்டது. போன வருஷம் தங்கக்காலை வாங்கினப்பவும் இதே ரூம்ல, இதே நாற்காலியில உட்கார்ந்து சொன்னேன்.

— தங்கக்கால் கதை வேற.

— என்ன வேற? பெஞ்சுல உட்கார்ந்து உட்கார்ந்து பெஞ்சுதான் தேயுது. அவன் கால் இன்னும் தங்கமாத்தான் இருக்கு. அழுக்குக்கூடப் படலை.

— குத்திக் காட்டறதுன்னா உனக்கு அல்வா சாப்பிடற மாதிரி.

— சரி, இருக்கட்டும். மின்னல்தான் வேணும்னா வாத்தையும் சேர்த்து வாங்கு. ரெண்டும் ஒரே ஆட்டக்காரன். பாதியை மட்டும் வாங்கிட்டு வந்தா நொண்டும்.

— கிளப் தலைவர் ஒருத்தனைத்தான் வாங்குவார். வாத்தோட மூஞ்சியை வாசல்ல ஒட்டினா எவன் டிக்கெட் வாங்குவான்?

— அப்போ ரெண்டு பேருமே வேண்டாம்.

— இதப் பாரு. தலைவர் கிளம்பிட்டார், இப்போ வந்துடுவார். போன வருஷம் நீ வேண்டாம்னு சொல்லியும் நான் கேட்கலைன்னு அவருக்குத் தெரியும். இந்தத் தடவை மச்சான் வாயால கேட்கணும்னு சொல்லிட்டார். நான் சொன்னா எடுபடாது. நீ 'ஒத்து வருவான்'னு ஒரு வார்த்தை சொல்லு, வேலை முடிஞ்சுது.

— ஒத்து வரமாட்டான்னு தோணினா?

— தோணவேண்டாம். புரியுதா இல்லையா?

— ம். மாப்ளே, எவனை வாங்கறதா இருந்தாலும் நீ முதல்ல ஒரு கேள்வி கேட்பே. இன்னிக்குக் கேட்கவே இல்லை.

— என்ன கேள்வி?

— 'இவனுக்குப் பின்னாடி நம்மகிட்ட யாரு இருக்கா?'

— மறந்திருப்பேன்.

— நீயா மறப்பே? சாப்பிட உட்கார்ந்தா உப்பு டப்பாவையும் டம்ளரையும் நகர்த்தி நகர்த்தி ஆள் நிறுத்தறவன். குழம்பு ஆறிப்போகுதுன்னு என் தங்கச்சி கத்தினாலும் உன் காதுல விழாது. இன்னிக்கு என்னடான்னா சுவரொட்டி பார்க்கற மாதிரி மின்னலைப் பார்க்கறே. அவனை எங்கே நிறுத்தப்போறேன்னுகூட யோசிக்கலை.

— எனக்கு ஆயிரம் கவலை.

— தங்கச்சி நேத்து எங்க வீட்டுக்கு வந்தா.

— வந்தாளா? என்கிட்ட சொல்லலையே.

— பெரிய பெட்டி ரெண்டும் வேணும்னா. பரண்ல ஏறி நானே எடுத்து, தூசி தட்டித் துடைச்சுக் குடுத்தேன். எதுக்கும்மான்னேன். பழைய துணி போட்டு வைக்கன்னா. என் மூஞ்சியைப் பார்க்கலை. சின்ன வயசுல எதையாவது உடைச்சுட்டு வந்து நிக்கறப்போ அவ பூட்டைப் பார்த்துத்தான் பேசுவா, கதவைப் பார்த்துத்தான் பேசுவா. நேத்தும் அப்படித்தான்.

— அந்த வாஷிங் மெஷினை யாராவது நிறுத்தித் தொலைங்கப்பா. மண்டைக்குள்ள ஓடற மாதிரி இருக்கு.

— ஜெர்சி துவைக்குது. அது பாட்டுக்கு ஓடட்டும். எந்த டீம் மாப்ளே?

— எது எந்த டீம்?

— துணி போட்டு வைக்கப் போற டீம்.

— போன வருஷம் கப் அடிச்சவங்க.

— அடேயப்பா. எப்போ போறே?

— சீசன் முடிஞ்ச உடனே. உன்கிட்ட சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். நேரம் வாய்க்கலை.

— தினம் ஒரே வண்டியில வர்றோம், ஒரே வண்டியில போறோம். சிக்னல்ல நிக்கற நேரம்கூட வாய்க்கலை பாவம். சரி, உனக்கு இங்கே இன்னும் ஒப்பந்தம் இருக்கே. தலைவர் விடறாரா?

— விடறார்.

— சும்மா விடமாட்டாரே அந்த மனுஷன்.

— நான் போறேன்னா கூட்டம் அவரைக் கிழிச்சுடும். அதுக்கு முன்னாடி ஒரு பெரிய பேரைக் கொண்டு வந்து நிறுத்தணும். மின்னல் வந்தா என்னை விடறேன்னார். ஆனா தங்கக்கால் மாதிரி ஆயிடக்கூடாதாம், அதனால நீ பார்த்துச் சொல்லணுமாம். அவ்வளவுதான் விஷயம்.

— ஓஹோ. இவ்வளவு நேரம் அவன் நம்ம டீமுக்கு ஒத்து வருவானான்னு பார்த்துக்கிட்டு இருக்கோம்னு நினைச்சேன். நீ போற வண்டிக்கு ஒத்து வருவானான்னு பார்த்துக்கிட்டு இருக்கோம்.

— அப்படிப் பேசாதே. உன் தங்கச்சிக்கும்தானே நல்லது.

— நான்?

— நீ இங்கேயேதான். தலைவர்கிட்ட சொல்லிட்டேன், மச்சானைக் கை விடக்கூடாதுன்னு.

— புது கோச் வருவான் மாப்ளே. வரும்போது அவன் ஆளைக் கையோட கூட்டிட்டு வருவான். நீ என்னைக் கூட்டிட்டு வரலையா? அன்னிக்கு என் இடத்துல இருந்தவர் சாமானை எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில போட்டுக்கிட்டுப் படி இறங்கினார். நீ விசிலைத் தேடிக்கிட்டு இருந்தே. நான் பார்த்தேன்.

— அங்கே ஒருத்தருக்குத்தான் இடமாம் மச்சான்.

— கேட்டுப் பார்த்தியா?

— கேட்டேன்.

— என்னன்னு கேட்டே?

— என்னன்னா, மச்சானும் கூட வரலாமான்னு.

— அதுக்கு என்ன சொன்னாங்க?

— யோசிக்கிறோம்னாங்க.

— இப்போதான் ஒருத்தருக்குத்தான் இடம்னே.

— கேட்கலை. போதுமா? கேட்கலை. இத்தனை வருஷம் கழிச்சு ஒரு கதவு திறக்குது, கூட ஒரு ஆள் இருக்கான்னு சொன்னா மூடிடுவாங்களோன்னு பயமா இருந்துது. நீயா இருந்தா மட்டும் கேட்டிருப்பியா?

— அதை விடு.

— ஏன் விடணும்? சொல்லு, கேட்டிருப்பியா?

— விடுன்னு சொன்னேன். நாம ஆடின காலத்துல உனக்குப் பின்னாடி ரைட் பேக் யாரு?

— ஆரம்பிச்சுட்டியா. இப்போ உன் முட்டியைக் கொண்டுவருவே.

— முட்டியை எங்கே கொண்டுவர, அது இருந்தாத்தானே. நீ பந்தை விட்டுட்டு நின்னே. நான் ஓடி வந்து குறுக்கே விழுந்தேன். சத்தம் கேலரி வரைக்கும் கேட்டுதுன்னாங்க. கீழே கிடந்தபடி உன்னைத்தான் பார்த்தேன். இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நின்னே.

— அதுக்கு நான் என்ன பண்ணியிருக்க முடியும்?

— ஒண்ணும் பண்ண வேண்டாம் மாப்ளே. கையை எடுத்திருக்கலாம்.

— உன் வயித்தெரிச்சல் இப்போதான் வெளியே வருது. நல்லா வரட்டும். உன்னைக் கூட்டிட்டு வந்தது யாரு? முட்டி போய் ஒரு கடையில பூட்ஸ் அடுக்கிக்கிட்டு இருந்தவனைக் கூப்பிட்டு, பக்கத்துல உட்கார வெச்சு, கோச்சுன்னு நாலு பேர் சொல்ல வெச்சது யாரு?

— நீதான். இல்லைங்கலையே.

— இந்த ரூம்ல உட்கார்ந்து படம் பார்த்து நொட்டை சொன்னதைத் தவிர நீ என்ன கிழிச்சே? அவங்க ஆளு வந்து நம்ம மேட்ச்சைப் பார்த்தார். நான் உண்டாக்கின ஆட்டத்தைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். உன்னைக் கூப்பிடலை. அதுதான் உனக்கு எரியுது. அதுக்குத்தான் இந்த மின்னலும் வாத்தும் கதை எல்லாம். நான் போகக்கூடாது, நீ நொண்டறேன்னா நானும் இங்கேயே கிடந்து நொண்டணும்.

— வந்தவர் எப்படி இருந்தார்?

— எப்படின்னா? கண்ணாடி போட்டிருந்தார். முன்னாடி வழுக்கை. அதை எதுக்குக் கேட்கறே?

— டீயை ஆடை படிய விட்டுத்தான் குடிப்பார்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— கேன்டீன்ல அவருக்கு டீ வாங்கிக் குடுத்தது நான்.

— எப்போ?

— உன்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடி.

— என்ன பேசினீங்க? ஏன் என்கிட்ட சொல்லலை? இரு, கார் சத்தம் கேட்குது. தலைவர்தான். சீக்கிரம் சொல்லு, என்னைப் பத்தி என்ன சொன்னே?

— உன்னைப் பத்தி அவர் கேட்க வரலை மாப்ளே. மேட்ச் முழுக்க பந்தைப் பார்க்கலை, உங்க பெஞ்சைத்தான் பார்த்தேன்னார். யாரு எழுந்து கை காட்டறா, எந்தப் பையன் அதைப் பார்த்து இடம் மாறறான்னு. நீங்க வந்து எங்க டீமை எடுத்துக்கறீங்களான்னு கேட்டார்.

— உன்னையா?

— என்னைத்தான். எனக்கும் முதல்ல சிரிப்பு வந்துது.

— நீ என்ன சொன்னே?

— மாப்பிள்ளை இல்லாம வரமாட்டேன்னேன். ஒருத்தருக்குத்தான் இடம்னார். அப்படின்னா அவரைக் கூப்பிடுங்கன்னு உன் நம்பரைக் குடுத்தேன்.

— எதுக்கு? எதுக்கு மச்சான் குடுத்தே?

— தியாகம் கியாகம்னு நினைச்சுக்காதே. ஒரு கணக்குப் போட்டேன். நீயும் மச்சான் இல்லாம வரமாட்டேன்னு சொல்லுவே, அவங்களுக்கு வேற வழி இருக்காது, ரெண்டு பேரையும் சேர்த்து எடுப்பாங்கன்னு. பரண்ல இருந்து பெட்டியை இறக்கும்போதுதான் என் கணக்கு தப்புன்னு தெரிஞ்சுது.

— படியேறி வர்றார். மச்சான், நான் சொன்னதை எல்லாம் மனசுல வெச்சுக்காதே. உன் கால்ல விழறேன். ஒரே ஒரு வார்த்தைதான்.

— என் திருப்திக்காக ஒண்ணு கேட்கறேன்னார் அந்தக் கண்ணாடிக்காரர், போகும்போது. உங்க மாப்பிள்ளை அங்கே தனியாத்தான் இருக்கணும், பின்னாடி ஆள் இல்லாம அவரால ஆட முடியுமான்னு.

— கதவைத் தட்டறார். தலைவர்கிட்ட என்ன சொல்லப்போறே மச்சான்?

— பின்னாடி ஆள் இல்லாமலே ஆடுவான்னு ஒருத்தனுக்காக ஏற்கெனவே பொய் சொல்லிட்டேன் மாப்ளே. இன்னொருத்தனுக்காகச் சொல்ல என்னால முடியாது. கதவைத் திற.