ஒத்திகையில் நிரம்பிய தொட்டி

விழாவுக்குத் தலைமை தாங்கி, இந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மூத்த மருத்துவர்களே, சாவி வாங்கக் காத்திருக்கும் தலைமைச் செவிலியர் அம்மா அவர்களே, பந்தலுக்குள் இடம் பிடித்த பெரியோர்களே, பிடிக்க முடியாமல் வெயிலைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் தோழர்களே, எல்லாருக்கும் மேலாக, பழைய கட்டடத்துக் கண்ணாடிப் பெட்டிகளில் பச்சிளம் பிள்ளைகளை விட்டுவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவர்க்கும் என் தாழ்மையான வணக்கம்.

வணிகர் சங்கச் செயலாளர் என்ற முறையில் வாழ்த்திப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்று தெரிந்தும் அழைத்தார்கள். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் எதைக் கண்டு? பகையைக் கண்டா? பாம்பைக் கண்டா? இல்லை. பின்னால் பளிங்காய்ப் பளபளக்கிறதே, பச்சிளம் பிள்ளைகளுக்கான புதிய பிரிவு, அதைக் கண்டு.

மண்ணில் எழும்பும் முன்பே இந்தக் கட்டடம் கணினிக்குள் எழும்பியது. சுவர் எவ்வளவு சுடும், அறை எப்போது ஆறும், மின்சாரம் எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் பெரிய மென்பொருள் ஒன்று உண்டு. கரண்ட் போனாலும் பிள்ளைகளின் அறை குளிர்ந்திருக்க, குளிர்நீர்த் தொட்டி ஒன்றைத் தரைக்கடியில் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட தொட்டியை அந்த மென்பொருள் அறியாது. அதனால் தனியாக ஒரு சின்ன நிரல் எழுதி அதனோடு பொருத்தினார்கள். எழுதியவள் யார்? என் மருமகள். வாய் ஓயாதவன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த, அளந்து பேசும் பெண்.

நேற்றுச் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தொடவில்லை. என்னம்மா என்றேன்.

“மாமா, அந்த ரூம்ல கொழந்தைங்கள வைக்கக் கூடாது” என்றாள். “வேற ஒரு கட்டடத்துக்கு அதே நிரலைப் போட்டுப் பாத்தேன். தொட்டியப் பாதியாக் கொறச்சேன், ரூம் ஜில்லுன்னு இருக்கு. இன்னும் கொறச்சேன், அப்பவும் ஜில்லுன்னு இருக்கு. தொட்டி சின்னதானா ரூம் சூடாகணுமே.”

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். அந்த மென்பொருள் அரங்கேறும் முன் ஒத்திகை பார்க்கும். சுவர்களின் சூடு ஒரு நிலைக்கு வரும்வரை முதல் நாளையே திரும்பத் திரும்ப ஓட்டும். ஒத்திகை நாட்கள் கணக்கில் வராது என்று மென்பொருளுக்குத் தெரியும். மருமகளின் நிரலுக்கு யார் சொன்னார்கள்? ஒத்திகையிலும் அது தொட்டியில் குளிரைச் சேர்த்தது, சேர்த்தது, சேர்த்துக்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு சேர்க்கலாம் என்று எழுதியவள், மொத்தம் எவ்வளவு கொள்ளும் என்று எழுதாமல் விட்டுவிட்டாள். ஆகவே கொடுங்கோடை வாரத்தைச் சோதித்தபோது காகிதத்தில் இருந்தது கடல். தரைக்கடியில் இருப்பதோ ஒரு குடம்.

“கம்ப்யூட்டர்ல தானம்மா தப்பு, கட்டடம் கல்லு மாதிரி நிக்குதே” என்றேன்.

“கம்ப்யூட்டர்ல சரியா வந்துச்சுன்னுதான் மாமா, ஜன்னலையே தெறக்க முடியாம கட்டினாங்க” என்றாள்.

விடிந்ததும் இருவரும் வந்து பார்த்தோம். வரிசையாகக் காலிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் மடித்த துணி. ஜன்னலில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தைத் தடவினேன், வழவழவென்று இருந்தது. திருத்திய கணக்கின்படி, கரண்ட் போனால் நீங்களும் நானும் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுவதற்குள் அந்த அறை அடுப்பாகிவிடும். இந்தக் கோடையில் கரண்ட் எப்போது போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

பின்வரிசைத் தம்பி ஜெனரேட்டர் இல்லையா என்கிறார். இருக்கிறது தம்பி, பெட்டிகளுக்கும் விளக்குகளுக்கும் மட்டும். குளிரூட்டும் இயந்திரத்தை அது இழுக்காது. அதற்குத்தானே தொட்டி என்றார்கள்.

மருமகள் தன் நிறுவன மேலாளரிடம் சொன்னாள். “ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டாச்சு. விழா முடியட்டும், பாத்துக்கலாம்” என்றாராம். விழா முடிந்தால் என்ன நடக்கும்? கைதட்டல் ஓய்ந்ததும் பழைய கட்டடத்திலிருந்து பிள்ளைகளோடு முதல் வண்டி புறப்படும்.

தலைவர் அவர்கள் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார், சுருக்கமாக முடிக்கவும் என்று. ஐயா, நான் வாங்காத சீட்டா? எப்போதும் ஆசையால் முடிக்க மாட்டேன், இன்று அச்சத்தால் முடிக்க மாட்டேன். நான் பேசும்வரை வண்டி நகராது. வண்டி நகராதவரை எந்தப் பிள்ளையும் அந்த அறைக்குள் போகாது.

சுடுகிறது என்று சொல்ல அவர்களுக்குச் சொல் உண்டா? புரண்டு படுக்க வலு உண்டா? போர்வையை உதறத் தெரியுமா? மருமகளின் வேலை போகலாம், போகட்டும். என் பதவி போகலாம், போகட்டும். பிள்ளையின் மூச்சு போனால் எந்த அலுவலகத்தில் மனுப்போட்டுத் திரும்ப வாங்குவீர்கள்? மூன்றாவது வரிசையில் தலைகுனிந்திருக்கிறாளே, அவள்தான் என் மருமகள். நிமிர்ந்து உட்காரம்மா. தவறு செய்தவர்கள் உண்டு, தானே வந்து சொன்னவர்கள் எத்தனை பேர்?

தலைமைச் செவிலியர் அம்மா எழுந்து வருகிறார். சொல்லுங்கள் அம்மா. வண்டியை நிறுத்திவிட்டீர்களா? நல்லவேளை. கேட்டீர்களா தாய்மார்களே, வண்டி வராது. இப்போதுதான் எனக்கு மூச்சே…

என்ன அம்மா? மெதுவாகச் சொல்லுங்கள்.

“போட்டோ எடுக்கணும்னு ஒரு கொழந்தைய முன்னாடியே கொண்டு வந்துட்டாங்க. உள்ளதான் இருக்கு” என்கிறார்.

ஐயோ, ஒரு பிள்ளையும் போகாது என்று நான் வாய் கிழியப் பேசிய நேரமெல்லாம் ஒரு பிள்ளை உள்ளே இருந்திருக்கிறதே. முன்வரிசையில் ஒரு தாய் எழுந்து ஓடுகிறார். கைதட்டாதீர்கள். நாற்காலிகளை விலக்குங்கள். நன்றியும் வணக்கமும் அந்தப் பிள்ளையை வெளியே தூக்கி வந்த பிறகு சொல்கிறேன். இப்போது அவருக்கு வழி விடுங்கள்.