மைனஸ் முப்பது

சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் ஏறியபோது, எனக்கு முன் சீட்டில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண்கள். ஒருத்தி பேச்சில் திருநெல்வேலி.

"நேத்து டெஸ்டிங் சேம்பருக்குள்ள மூஞ்சிய நீட்டிட்டேன். மெமோ குடுத்துட்டாங்க."

"பார்ட்ஸ குளுர்ல வெச்சுப் பாக்குற பொட்டிலயா? இன்னாத்துக்குடி?"

"உள்ள மைனஸ் முப்பதுல்லா. வடக்கே பனிக்காட்டுல தனியா இருந்துக்கிட்டு, பன்னெண்டு நாயக் கட்டி வண்டி ஓட்டுத அக்கா வீடியோ காட்டுனேம்லா? அவ ஊர்லயும் அதே குளிருதான்."

"லூசாடி நீ? அப்பால?"

"பேசும்போது அவ வாயிலருந்து பொக வரும்லா, எனக்கும் வந்துச்சு பாத்துக்க. அந்த நாய் ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கூப்புட்டேன். நாலு சொல்லதுக்குள்ள சூப்பர்வைசர் கதவ மூடிட்டாரு."

தோழி சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. வல்லம் வடகால் வரும்வரை, சித்திரை வெயிலில் சுட்ட ஜன்னலைப் பார்த்து, மீதி எட்டையும் மெல்லக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். புகை வரவில்லை.