பட்டியலில் முதல் வரி

ஒரு மனிதனின் குரல், ஆயிரத்து எண்ணூறு. மின்கம்பி அதிலேயே அடக்கம்.

சிரிக்காதீர்கள். விற்ற விலை அது. வாங்கியவர் யாரோ எவரோ இல்லை. இதோ, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறானே நம் ஆணிக்கடைக்காரன், இவனுடைய அக்கா புருஷன். நான் ஒரு சொல் கூட்டினாலும் இவன் திருத்தட்டும். கலப்படம் நான் சரக்கில் செய்வதுண்டு. கதையில் செய்ததில்லை.

கரண்ட் வர இன்னும் நேரமாகும். நெருங்கி உட்காருங்கள். அந்த ஷட்டரை முழுதாக இறக்கிவிடு... ஆங்.

மணி இரவு ஒன்பது ஐம்பத்தைந்து. சுற்றுச்சாலை. ஒரு பக்கம் பாதியில் நின்றுபோன கட்டடங்கள். மறுபக்கம் ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு ஸ்கூட்டர் விளக்கு எரிய நிற்கிறது. அதன் மேல் அந்த அக்கா புருஷன், கையில் போன். போனில் அவருடைய ஒன்பது வயது மகள் பேசிக்கொண்டிருக்கிறாள்...

அவர் அங்கேயே நிற்கட்டும். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

அவருக்குக் குழாய்க் கடை. கடைத்தெருவில் அவர் பெயர் 'கழிவு'. எதை வாங்கினாலும், "சரி, கழிவு எவ்வளவு?" என்பார். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கணக்கிலும் கழிவு கேட்டவர். கிடைத்தது என்பதுதான் வேடிக்கை.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வர ராத்திரி பத்தாகிவிடும். மகள் வீட்டில் தனியாக இருப்பாள். அதற்காக வீட்டுக் கூடத்தில் ஒரு கேமரா, ஸ்பீக்கரோடு. தினமும் ஒன்பது நாற்பதுக்குக் கழிவு கடையிலிருந்து போனில் அதைத் திறப்பார். "பாப்பா, சாப்பிட்டியா? கதவு பூட்டினியா?" என்பார். அவளும் கேமராவைப் பார்த்துப் பத்து நிமிஷம் வாயாடுவாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

வீட்டுக் கேமரா, குடோன் கேமரா, கடைக் கணினி, இரண்டு போன். இந்த ஐந்தும் ஊரார் கண்ணில் படாமல் தங்களுக்குள் பேச ஒரு தனி வழி வேண்டும். வி.பி.என். அதை ஒரு கம்பெனி வாடகைக்குக் கொடுத்திருந்தது, ஒரு சாதனத்துக்கு மாதம் இவ்வளவு என்று. கழிவுக்கு வயிறு எரிந்தது. தாடியைக் கூப்பிட்டார். தாடி கம்ப்யூட்டர் வேலைக்காரன். முகத்தில் ஒரு முடி கிடையாது. அதனால்தான் தாடி.

"நடுவுல இருக்கிற சர்வர் என்னதான்டா பண்ணுது, இப்படிக் காசு புடுங்குறானுங்க?"

"அது தரகர் மாதிரிண்ணே. இவன் யாரு, அவன் எங்க இருக்கான்னு ரெண்டு பக்கமும் சொல்லி, கைகுலுக்க வச்சுடும். அப்புறம் அவங்க நேருக்கு நேர் பேசிக்குவாங்க. சரக்கு தரகர் வழியா போகாது."

"கைகுலுக்க வச்சதுக்கு மாசாமாசம் கமிஷனா? நம்ம தரகரை நாமளே வச்சுக்குவோம். என்ன வேணும்?"

"ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி போதும்."

பழைய பெட்டி ஒன்று விலைக்கு இருந்தது. ஏலக்கடையில் ஒருவர் கூவுவாரே, நினைவிருக்கிறதா? "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று அவர் இழுத்தால், வாங்க வராதவன் கையும் தானாக மேலே போகும். அவருக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை, அதன் வழியாக மூச்சு. ஹ்ஸ்ஸ்... ஹ்ஸ்ஸ்... ஒரு வருஷம் அப்படி இருந்தார். பிறகு அதுவும் நின்றது.

போய்ப் பதினோராம் நாள். கழிவு அந்த வீட்டுக்குப் போனார். அவருடைய மனைவி, அந்த அம்மாள், பெட்டிக்கு ஐயாயிரம் கேட்டாள். கழிவு பெட்டியைத் தட்டினார், முகர்ந்தார், விசிறி கரகரக்கிறது என்றார். மருந்துக் கடைக்காரன் வாசலில் நிற்கிறான் பாக்கிக்கு, அதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். ஐயாயிரம் ஆயிரத்து எண்ணூறுக்கு இறங்கியது.

"தம்பி, ஒண்ணு மட்டும். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவர் இதுலதான் எனக்குப் பேசி வச்சிருக்கார். ரெண்டு நாள் குடுங்க. தெரிஞ்சவங்களை விட்டு அதை மட்டும் எடுத்துக்கிறேன்."

"இப்பவே குடுத்தா ஆயிரத்து எண்ணூறு. ரெண்டு நாள் கழிச்சுன்னா ஆயிரத்து ஐநூறு. உங்க இஷ்டம்க்கா."

அவள் வாசலைப் பார்த்தாள். கொடுத்துவிட்டாள்.

படியிறங்கியவர் திரும்பி, "கரண்ட் கம்பியும் சேர்த்துத்தானே?" என்றார்.

அந்த அம்மாள் கம்பியைக் கொண்டுவந்து தரும்போது, "நான் வேணா அந்த முந்நூறை விட்டுடறேன், ரெண்டு நாள் கழிச்சே..." என்று ஆரம்பித்தாள். கழிவு சிரித்தார். "பேசினது பேசினதுதான்க்கா."

தாடி பெட்டியைக் குடோனில் ஓர் அலமாரித் தட்டில் வைத்துத் திறந்தான். "அண்ணே, உள்ள ஏதோ பேச்சு இருக்கு. நாப்பது நிமிஷம். ஒரு பென் டிரைவ்ல ஏத்தி அந்தம்மாவுக்குக் குடுத்துடலாமா?"

"பென் டிரைவ் யாரு வாங்குறது?"

"நான் வேணா..."

"அதை ஏத்துற நேரத்துக்கு உனக்குக் கூலி யாருடா குடுக்குறது? அழி."

அழித்தான். புதிதாகத் தரகரை ஏற்றினான். ஒவ்வொரு சாதனமாக வந்து சேரச் சேர, வரிசைப்படி ஓர் எண் விழும். முதலில் சேர்வது ஒன்று, அடுத்தது இரண்டு. கழிவின் போனைத்தான் முதலில் சேர்த்தான். அதற்கு விழுந்த எண் இரண்டு.

பட்டியலின் முதல் வரியில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. பெயர் இல்லை. பக்கத்தில் பச்சைப் புள்ளி, இணைப்பில் இருக்கிறது என்று.

தாடி அதை அழித்தான். கண் மூடித் திறப்பதற்குள் மறுபடி இருந்தது. முதல் வரியிலேயே.

"அண்ணே, எல்லாத்தையும் துடைச்சிட்டு முதல்லேருந்து பண்ணணும். சாதனத்துக்கு ஒரு சாவின்னு தனித்தனியா வைப்போம். ஆறு மாசத்துல காலாவதி ஆகற மாதிரி."

"காலாவதி ஆனா?"

"நான் வந்து புதுப்பிக்கணும்."

"வந்தா கூலி கேப்பே."

தாடி முதல் வரியை இன்னொரு முறை அழித்துப் பார்த்தான்.

"ஒரே சாவி. காலாவதியே கூடாது. அந்த முதல் வரி வாடகையா கேக்குது? கிடந்துட்டுப் போகட்டும். நம்ம தரகர்தானே, வரிக்குக் கமிஷன் கிடையாது."

இந்தத் தப்பை வேறு தொழில்காரன் செய்திருக்க மாட்டான். இலவசமாக ஒன்று கூட வருகிறது என்றால், அது என்ன என்று கேட்காமல் பையில் போட்டுக்கொள்வது நம் பிழைப்பு மட்டும்தான்.

ஒரு வாரத்தில் குடோனில் ஒரு வாடை. புண்ணுக்குக் கட்டுப் போடும் மருந்து வாடை. பெட்டியின் விசிறி கரகரவென்று ஓடும்... திடீரென்று நிற்கும்... பிறகு ஹ்ஸ்ஸ் என்று ஓடும். மூட்டை தூக்குகிறவர்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். கழிவு, "எலி செத்திருக்கும்" என்றார்.

இப்போது வாருங்கள் ஸ்கூட்டருக்கு.

அன்று ஒரு லாரிக்காரனோடு பேரம் இழுத்துவிட்டது. ஒன்பது நாற்பதுக்கு அவர் மகளைக் கூப்பிடவில்லை. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு, சுற்றுச்சாலையில் ஞாபகம் வந்து, வண்டியை ஓரம் கட்டிக் கேமராவைத் திறந்தார்.

மகள் கேமரா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். சிரிப்பும் கும்மாளமுமாக.

"பாப்பா... யாரோட பேசுறே?"

"உங்களோடதான். இவ்வளவு நேரமா நீங்கதானேப்பா கேட்டீங்க?"

"நான் என்ன கேட்டேன்?"

"தர்றியா, தர்றியான்னு. நான் யோசிக்க ரெண்டு நாள் குடுங்கன்னேன். நீங்க இப்பவே வேணும்னீங்க. உங்களுக்குச் சளி பிடிச்சிருக்காப்பா? மூச்சு ஒரு மாதிரி... சரி எடுத்துக்கோங்கன்னு இப்பத்தான் சொ..."

உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை.

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தார். போனைத் தட்டினார். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் தெளிவாகக் கேட்டது. குழாய் சொட்டுவதும் கேட்டது.

அவர் கதவைத் திறந்து உள்ளே போனபோதும் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். காற்று கூட வரவில்லை. நாலு டாக்டர் பார்த்தார்கள். தொண்டை முத்து மாதிரி இருக்கிறது என்றார்கள்.

மறுநாள் ராத்திரி ஒன்பது நாற்பது. கணவன், மனைவி, நடுவில் மகள். மகள் வாயை இறுக்க மூடியிருந்தாள். ஸ்பீக்கரில் ஹ்ஸ்ஸ்... என்று ஒரு மூச்சு. பிறகு அவளுடைய குரல். அதே குரல், வாயாடிக் குரல்.

"மூவாயிரத்து இருநூறு."

அவ்வளவுதான். அடுத்த ராத்திரி, "மூவாயிரத்து நூத்தித் தொண்ணூத்தொம்பது."

மனைவிக்குத்தான், அதாவது இவன் அக்காவுக்குத்தான், முதலில் உறைத்தது. "அந்தம்மா உங்ககிட்ட எவ்வளவு கேட்டாங்க?" என்றாள். அவர் சொன்னார். "நீங்க எவ்வளவு குடுத்தீங்க?" என்றாள். அதையும் சொன்னதும் அவளே கழித்துப் பார்த்தாள், மூவாயிரத்து இருநூறு.

விடிந்ததும் குடோனுக்கு ஓடிப் பெட்டியின் கம்பியைப் பிடுங்கினார். அன்றும் ஒன்பது நாற்பதுக்கு வீட்டில் குரல் வந்தது. தாடிக்கு வேர்த்துவிட்டது. "தரகரை நிறுத்தினா பேரம் நிக்காதுண்ணே. அவங்கதான் கைகுலுக்கியாச்சே. நேருக்கு நேர் பேசிக்கிறாங்க. சாவிக்குக் காலாவதி வச்சிருந்தா ஆறு மாசத்துல அதுவா அறுந்திருக்கும்."

அடுத்த நாள் கேமராவையே சுவரிலிருந்து பிய்த்தெடுத்தார். ஒன்பது நாற்பதுக்கு ஸ்பீக்கர் பேசவில்லை. மகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கண் பிதுங்கியது. உதடு நீலம். அம்மாக்காரி அலறிக்கொண்டு கேமராவை மறுபடி சொருகினாள். ஒன்றும் இல்லை. கழற்றி மாட்டிய கேமராவுக்கு வழி மறந்துபோய்விட்டது, மறுபடி தரகரைத்தான் கேட்க வேண்டும் என்று தாடி போனில் கத்தினான். அவன் வீடு குடோனுக்கு அடுத்த சந்து. செருப்பில்லாமல் ஓடிப் பெட்டியைப் போட்டான். விசிறி கிறீச்சிட்டது. இரண்டாம் வரி, மூன்றாம் வரி, நான்கு, ஐந்து, ஆறு... கடைசியாக முதல் வரி பச்சையானது. இங்கே ஸ்பீக்கர் எண்ணைச் சொன்னது. குழந்தை மூச்சு இழுத்தாள்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டியை யாரும் நிறுத்துவதில்லை. கரண்ட் போனாலும் ஓட பெட்டிக்கும் கேமராவுக்கும் பேட்டரி வைத்தாயிற்று; கேமரா ஒரு முறை அணைந்தால் மறுபடி தரகரைத்தானே கேட்க வேண்டும்.

மூவாயிரத்து இருநூறை எடுத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் போனார். பிறகு முப்பதாயிரம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பாவம், பணத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். "வித்த பொருளுக்கு மறுபடி காசு வாங்கக் கூடாது தம்பி. பேசினது பேசினதுதான்னு நீங்களே சொன்னீங்களே." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சரி, தினம் ஒன்று குறைகிறது. எட்டே முக்கால் வருஷம். முடிந்தால் குரல் வந்துவிடும் என்று மனைவி காலண்டரில் குறித்துக்கொண்டு வந்தாள். பொறுத்திருக்கலாம். ஆனால் ஆள் கழிவு ஆயிற்றே. இருநூற்று எண்பத்தொன்பது ராத்திரி பொறுத்தார். "ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு" என்று குரல் சொன்ன அன்று, கேமரா முன் மண்டியிட்டு அழுதார். அழுகை நடுவே வாய் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"மொத்தமா ஒரு விலை பேசி முடிச்சுக்கலாங்க. பாதிக்குப் பாதி..."

ஸ்பீக்கரில் மூச்சு நின்றது. பிறகு மகள் குரலில் ஒரு சிரிப்பு. கலகலவென்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் ஒன்பது நாற்பது. "மூவாயிரத்து இருநூறு."

முதலிலிருந்து.

அதன் பிறகு அவர் யாரிடமும் கழிவு கேட்டதில்லை. நான் போன மாதம் ஒரு சரக்கை இரட்டை விலை சொன்னேன், கொடுத்துவிட்டுப் போனார். எனக்கே கை கூசியது. வாங்கிக்கொண்டேன், அது வேறு.

ஆனால் இப்போது புதுச் சிக்கல். பெட்டியின் விசிறி தேய்ந்துவிட்டது. அந்த மாதிரி இப்போது கிடைப்பதில்லை. தாடி மூன்று புதுப் பெட்டி வாங்கித் தரகரை அப்படியே நகல் எடுத்துப் பார்த்தான். எல்லா வரியும் வந்தது. முதல் வரி மட்டும் வரவில்லை. பழைய பெட்டி எத்தனை நாள் ஓடும் என்று கேட்டதற்கு, "ஆறு மாசம் ஓடினா பெரிசு" என்றான். நேற்றுத்தான் சொன்னான்.

மணி என்ன?... ஒன்பது நாற்பத்தொன்று. ஆணிக்கடை, உன் போன் வெளிச்சம் வருது பாரு. அக்காவா? தினமும் அனுப்புவாளே. படிடா. எல்லாரும் கேட்கட்டும்.

"மூவாயிரத்து நாப்பத்தேழு."

எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்டது ஐயாயிரம். கொடுத்தது ஆயிரத்து எண்ணூறு. இரண்டாம் கணக்கில் இன்று வரை தீர்ந்தது நூற்று ஐம்பத்து மூன்று. நிலுவை, மூவாயிரத்து நாற்பத்தேழு ராத்திரி.

விசிறியில் மிச்சம், நூற்று எண்பது.