வளைவில் மட்டும் வருகிற சத்தம்

– வண்டி நேரா ஓடுறப்போ சத்தம் வரல. திருப்புறப்போ மட்டுந்தான் வருதுன்னு சொல்றே.

– ஆமா மேஸ்திரி. நேர் ரோட்டுல பூனை கணக்காப் போவா. ஸ்டீரிங்கை ஒடிச்சமோ இல்லையோ, வந்துரும்.

– என்ன சத்தம்? கீச்சுன்னா, கடகடன்னா, ஒண்ணோட ஒண்ணு உரசுற மாதிரியா? நிதானமாச் சொல்லணும் கருத்தக்கண்ணு. சத்தத்தைச் சரியாச் சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

– அதைச் சொல்லத்தான் தெரியல. இந்தக் குட்டிக் காரைப் பிடிக்கிறதுக்கு முந்தி இருவது வருசம் மாட்டு வண்டி ஓட்டுனவன் நான். அச்சு காஞ்சா எப்படிக் கத்தும், ஆரக்கால் விட்டுப்போனா எப்படி மொணங்கும், எல்லாம் அத்துபடி. இது அந்த வகையில சேரல. ஊம்ம்னு ஒரு இழுப்பு. வளைவு முடிஞ்சா நின்னுரும். அம்புட்டுத்தான்.

– இடது பக்கம் திருப்புனாலா, வலது பக்கமா?

– ரெண்டுக்கும் வரும். இடது வளைவுன்னா இன்னுங் கொஞ்சம் நீளம்.

– சேச்சி, நீங்க பின்சீட்டுல இருக்கிறவங்க. உங்களுக்கும் கேக்குதா?

– கேக்குது மேஸ்திரி. ஆனா எனக்கு வண்டிக்குள்ள கேக்குற மாதிரியே இருக்காது. ஆத்துக்கு அக்கரையில நின்னு யாரோ யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கும். யாருன்னு கண்ணைத் தொறந்து பாப்பேன். அதுக்குள்ள நின்னுபோகும். என்னமோ போங்க.

– எத்தனை நாளா?

– பங்குனியில ஆரம்பிச்சது மேஸ்திரி. இப்ப ஆடி. சின்னமனூர்ல ஒருத்தர் டயருக்குக் காத்தடிச்சாரு. போடியில ஒருத்தர் முன் சக்கரத்தையே கழட்டி மாட்டுனாரு. மாட்டிட்டு அவரே ஓட்டிப் பாத்தாரு. சத்தம் வரல. கோளாறு உன் காதுலதான்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஊரு தாண்டி மொத வளைவுல திருப்புறேன், ஊம்ம்ங்குது.

– குச்சனூருக்குக்கூடக் கூட்டிட்டுப் போனான் மேஸ்திரி இவன். சனீஸ்வரனுக்கு எள்ளு வெளக்குப் போடணும்னு ஒரே பிடியா நின்னான். எனக்கு இல்லை, காருக்கு.

– சிரிக்காதீக ஆத்தா. காரு மேல யாரு கண்ணு பட்டுச்சோ.

– இது என்ன கருத்தக்கண்ணு, கறுப்பா, களி மாதிரி? முன்பக்க மூட்டுல எல்லாம் அப்பிக் கெடக்கு.

– மைதான். வைக்கலை எரிச்சுக் கரியாக்கி, வெளக்கெண்ணெய்ல கொழைச்சது. வண்டி அச்சுக்குப் போடுறது.

– காருக்கா போட்டே?

– உருள்றது எல்லாம் ஒண்ணுதான மேஸ்திரி. வெள்ளிக்கிழமை தவறாமப் போட்டுருவேன்.

– கர்த்தாவே. இதை வழிச்சு எடுக்கவே மத்தியானமாயிரும்.

– மேஸ்திரி, எம்புட்டு நேரமானாலும் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள மட்டும் நான் கம்பத்துல இருக்கணும்.

– நாடகமா சேச்சி? தேனி முக்குலகூட நோட்டீஸ் பாத்தேன். அல்லிநகரம் மாயக்காள்னு உங்க பேரைக் கொட்டை எழுத்துல போட்டிருக்கு.

– அது பழைய நோட்டீஸ். இந்தச் சாரல்லயும் கிழியாம ஒட்டிக்கிட்டு நிக்குது, வெக்கமில்லாம. இன்னிக்கு நான் ஆடப் போகல. இனிமே ஆட மாட்டேன்னு சொல்லப் போறேன். காண்ட்ராக்டர் குருசாமி அண்ணன் கொட்டகையில எல்லாரையும் வரச் சொல்லியிருக்காக. அவுக முன்னால கிரீடத்தைச் சோணையம்மா தலையில வச்சுட்டா என் வேலை முடிஞ்சுது. இனி அவதான் ராணி வேசம். நல்ல பிள்ளை, நல்லாப் பாடுவா.

– நீங்க நல்லாப் பாட மாட்டீகளாக்கும். மேஸ்திரி, காலையில இருந்து சொல்லிச் சொல்லி என் வாயி வலிக்குது. நீங்களாச்சும் சொல்லுங்க.

– நீ சும்மா இருப்பா. குரல் இல்லாதவ கிரீடத்தை வச்சுக்கிட்டுத் தண்ணியா மோக்கப் போறா?

– இப்போ பேசுறீங்களே சேச்சி. தெளிவாத்தானே இருக்கு?

– பேச்சு இருக்கு. பாட்டுத்தான் போயிருச்சு. தையில மலைக்காய்ச்சல்ல விழுந்தேன். நாப்பது நாள் கழிச்சு எந்திரிச்ச மறுவாரமே உத்தமபாளையத்துல மேடை ஏறிட்டேன். திரைக்குப் பின்னால நின்னு மொத வரிய எடுக்கணும், அப்பறந்தான் திரை வெலகும். வாயைத் தொறந்தா வெறுங் காத்து. ஆர்மோனியக்காரர் சுதியை ஒரு கட்டை எறக்குனாரு, இன்னொரு கட்டை எறக்குனாரு. அதுக்கு மேல எறக்க எடமில்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஆயிரம் சனம். ஒருத்தன் விசில் அடிச்சான், அவனைப் பாத்து நூறு பேர் அடிச்சானுக. அன்னிக்குச் சாத்துன கதவு மேஸ்திரி இது.

– டாக்டர் பாத்தாங்களா?

– பெரியகுளத்துல பாத்தாக. தொண்டையில டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, எல்லாம் ஆறிப்போச்சு, இனி பாடலாம்மான்னு சொல்லிட்டாக. பாடலாம்னு அவுக சொல்லிட்டாகளே தவிர, பாடணும்னு நான் நெனைச்சாப் போதும், உள்ள இருந்து யாரோ தாப்பா போட்டுருறாக. பன்னெண்டு வயசுல ஏறுன மேடை. வேற எதுவும் எனக்குத் தெரியாது. சோறு பொங்குனாக்கூடக் கொழைஞ்சு போகும். எனக்கு அழுகையா வருது மேஸ்திரி, ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு. நீங்க உங்க வேலையைப் பாருங்க.

– …மூட்டெல்லாம் சுத்தமாயிருச்சு. நல்ல கிரீஸ் வச்சிருக்கேன். முன் சக்கரம் திரும்புற கிங்பின்னுலயும் ஆட்டம் இல்ல. ஏறு கருத்தக்கண்ணு. சேச்சி இங்கன நெழல்ல இருக்கட்டும். நாம ரெண்டு பேரும் ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்.

– போயிட்டு வாங்க. நான் இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கேன்.

– திருப்பு. இன்னும் ஒடி. இடது பக்கம். ம். இனி வலது.

– ஒண்ணும் கேக்கல மேஸ்திரி.

– மறுபடியும்.

– கேக்கல. பாத்தீகளா, உங்க முன்னால நல்ல பிள்ளையா நடிக்கிறா.

– கெட்டதும் கேக்கல, நல்லதும் கேக்கல. வா, திரும்பலாம்.

– என்ன மேஸ்திரி, பிடிபட்டுச்சா?

– இல்ல சேச்சி. சத்தமே வரல. ஒரு சந்தேகம் இருக்கு. பின்னால ஆள் உக்காந்தா வண்டி கொஞ்சம் தாழும். தாழ்ந்த வண்டி திரும்புறப்போ சக்கரம் மட்கார்டுல உரசும். உங்க கனத்துக்கு எதையாவது பின்னால வச்சுப் பாக்கணும்.

– எதை வைப்பீக?

– பக்கத்துக் கடையில பருத்திக்கொட்டை மூட்டை இருக்கு.

– ராணி வேசம் போனதும் பருத்திக்கொட்டை மூட்டை வேசம் வந்துருச்சு. வையுங்க, வையுங்க.

– மூட்டையை வச்சும் ஓட்டிப் பாத்துட்டு வந்துட்டோம் ஆத்தா. வாய்க்கா வரைக்கும் போனோம். மூட்டை கம்முனு வந்துச்சு.

– கனமும் இல்ல. அப்போ இன்னொண்ணு. ஸ்டீரிங் கம்புக்குள்ள ஹாரன் ஒயர் போகுது. திருப்புறப்போ அது முறுகும். மேல் தோல் உரிஞ்சிருந்து இரும்புல பட்டா, ஹாரன் முழுசா அடிக்காது, மெல்ல முனகும். இதோ, ஒயரையே கழட்டிட்டேன். இனி ஹாரன் ஊமை.

– அப்ப சரியாயிருச்சா?

– இருக்கும்னு நெனைக்கிறேன். நெனைப்பை நம்பி உங்களைக் கம்பம் வரைக்கும் அனுப்ப மாட்டேன். நீங்க ஏறணும் சேச்சி. எப்பவும் உக்கார்ற எடத்துல உக்காருங்க. நான் முன்னால இருக்கேன்.

– ஏறுனாத் தூங்கிருவேனே மேஸ்திரி. வீட்டுல பாய்ல படுத்தாப் பொட்டுத் தூக்கம் கெடையாது. விட்டத்தைப் பாத்துக்கிட்டே விடிஞ்சிரும். இந்த வண்டி உருண்டா மட்டும் கண்ணு சொக்குது. காய்ச்சல் விட்டதுல இருந்து இங்கனதான் எனக்குத் தூக்கம். இவன் சில நாளு சோலி ஒண்ணும் இல்லாமலே என்னையக் கூட்டிட்டுச் சுத்துவான், நான் தூங்கட்டும்னு.

– அதைப் போயி எதுக்கு ஆத்தா சொல்லிக்கிட்டு.

– தூங்குங்க சேச்சி. தினம் எப்படியோ, இன்னிக்கும் அப்படித்தான் இருக்கணும். கருத்தக்கண்ணு, வாய்க்கால் மேட்டுப் பாதையில விடு. அங்கதான் வளைவு அதிகம்.

– சாரல் விழுதாப்பா?

– விழுது ஆத்தா. பக்கத்துப் படுதாவை எறக்கி விடட்டுமா?

– வேணாம். நாத்து வாசம் வருது. மலையெல்லாம் மேகத்துக்குள்ள போயிருச்சு, பாரு. மேஸ்திரி, இந்த வண்டிக்குள்ள எனக்கு ஒரே கனாதான் வருது, தெரியுமா.

– என்ன கனா சேச்சி?

– திரை ஒண்ணு. பச்சைத் திரை. இந்த வயக்காட்டையே தூக்கி நிறுத்துன மாதிரி, எங்கன தொடங்குது எங்கன முடியுதுன்னு தெரியாது. அதுக்குப் பின்னால நிக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு சனம் இல்லை. விசில் இல்லை. காத்துத்தான் உக்காந்து காத்துக்கிட்டு இருக்கு.

– அப்புறம்?

– அப்பறம்… திரும்பணும்…

– எந்தப் பக்கம் திரும்பணும் சேச்சி?

– அசந்து தூங்கிட்டாக மேஸ்திரி. மெதுவாப் பேசுங்க.

– திரும்பணும்னு சொன்னாங்களே. இந்த வளைவையா?

– ரோட்டை இல்லை, மேடையைச் சொல்றாக. திரைக்குப் பின்னால முதுகைக் காட்டி நிப்பாக. அப்படியே ஒடம்பைச் சுத்தித் திரும்பிக்கிட்டே மொத வரிய எடுப்பாக. சின்னப் பிள்ளையில இருந்து அதே பழக்கந்தான். திரும்பி முடிக்கிறதுக்குள்ள கொட்டகை அடங்கிரும். நான் எத்தனை தடவை பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்.

– முன்னால பாத்து ஓட்டு. வளைவு வருது.

– ஒடிக்கிறேன். இந்தா, இந்தா, கேட்டுச்சா?

– கேட்டுது.

– ஹாரனும் இல்லையா மேஸ்திரி அப்ப?

– இல்ல. அடுத்த வளைவை மெல்ல எடு. நடக்கிற வேகம் போதும்.

– வருது.

– அதுக்கடுத்ததை வேகமா.

– வருது. அதே மாதிரிதான் வருது.

– அதே. அதைத்தான் பாத்தேன். சக்கரத்துல இருந்து வர்ற சத்தம்னா வேகத்துக்குத் தக்கன ஏறும், எறங்கும். இது ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. ஒரே எடத்துல நிக்குது. எறக்கம் வருதுல்ல? இஞ்சினை நிறுத்து. சும்மா உருளட்டும்.

– நிறுத்திட்டேன்.

– இப்போ ஒடி. பூ மாதிரி ஒடி.

– மேஸ்திரி, இஞ்சின் இல்லாமலும் வருது. இப்பத்தான் நல்லாவே கேக்குது. நீங்க என்ன, சக்கரத்தைப் பாக்காமப் பின்னால திரும்பிப் பாக்குறீக?

– மதி, போதும். ஓரமா நிறுத்து. குலுங்காம நிறுத்து.

– நிறுத்திட்டேன். என்ன மேஸ்திரி, வண்டி போச்சா? எதுக்குத் தலைத் துண்டை அவுக்கிறீக?

– பொறு. ஒரு நிமிசம் பொறு. சேச்சி… சேச்சி, எந்திரிங்க.

– ம்… கம்பம் வந்துருச்சா?

– இன்னும் இல்ல. வாய்க்கால் மேட்டுல நிக்கிறோம்.

– நல்ல தூக்கம். இன்னிக்கு ரொம்பக் கிட்டத்துல கேட்டுச்சு மேஸ்திரி அந்தச் சத்தம். என்ன கோளாறுன்னு பிடிச்சிட்டீகளா?

– பிடிச்சிட்டேன்.

– எங்கன இருக்கு? சக்கரத்துலயா, ஸ்டீரிங்லயா? சட்டுனு சொல்லுங்க, அங்கன எல்லாரும் வந்து காத்திருப்பாக.

– வண்டியில ஒரு கோளாறும் இல்ல சேச்சி. வளைவு வந்து ஒடம்பு திரும்புறப்போ எல்லாம், தூக்கத்துல நீங்கதான் பாடுறீங்க.